எங்கள் பகுதியின் மழைநீர்க் கோரிக்கைக்குத் தோள் கொடுத்தோருக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் தெருக்களின் வெள்ளத் தடுப்பு, வெப்பத் தணிப்புக் கோரிக்கைகள் வார்டின் ஒரு பகுதியில் வசிப்போர் கூடிப் பேசும் பகுதி சபையில் அண்மையில் தீர்மானமாகப் பதிவாகி, வார்டு குழுவின் வழியாக மண்டல அலுவலகத்துக்குச் சென்றிருக்கின்றன. அவற்றுள் முதலாவதான சிறுபாலத்தைத் தூர்வாரும் பணி தொடங்கியும்விட்டது. இந்த இடம் வரை எங்களைக் கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொருவருக்கும், குடியிருப்போர் சார்பிலும் எங்களோடு உழைத்த பள்ளி, கல்லூரி மாணவர்கள் சார்பிலும் நன்றி கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த பணியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

பெருநகர சென்னை மாநகராட்சி 2022ஆம் ஆண்டு தன் காலநிலைச் செயல்திட்ட வரைவை மக்கள் கருத்துக்காக முதலில் வெளியிட்டபோது, அது ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் வேண்டும், கருத்துச் சொல்லக் கூடுதல் அவகாசமும் வேண்டும் என்று நகரின் பல முனைகளிலிருந்தும் குரல் எழுந்த பிறகு தமிழ் வரைவு கிடைத்தது, அவகாசமும் நீட்டிக்கப்பட்டது. அந்தக் குரலை எழுப்பியவர்களில் பெரும்பாலோரை எங்களுக்குத் தெரியாது என்றாலும் எங்கள் முதல் நன்றி அவர்களுக்கே உரியது. ஏனெனில் அந்தத் தமிழ் வரைவைத்தான் எங்கள் பிள்ளைகள் மாலை வேளைகளில் கோயில் திண்ணையில் அமர்ந்து பெரியவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். ஐந்தாண்டுகளில் கடல்மட்டம் 7 செ.மீ. உயரக்கூடும் என்பதையும், 2050க்குள் நகரின் கரிம உமிழ்வை, உறிஞ்சப்படும் அளவோடு சமன்படுத்துவதே இலக்கு என்பதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, “அதெல்லாம் சரி, நம்ம தெருவுக்கு இதுல என்னப்பா இருக்கு?” என்று கேட்டார். 2023 ஜூனில் இறுதித் திட்டம் வெளிவந்த பிறகும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. எங்கள் மனு அதற்கான விடையாகவே உருவானது.

தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழி மூலம் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டுக்கு அருகே கடலில் கலக்கிறது. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்திருந்த அந்தச் சதுப்பில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதியே. 2022இல் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது எங்களுக்குப் பெருமைதான். ஆயினும் அதற்குள் வந்து சேர வேண்டிய நீர் வழியிலேயே தடைபட்டால், அது எங்கள் வீடுகளுக்குள்தான் நிற்கும். 2015லும், மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த 2023 டிசம்பர் 3, 4 தேதிகளிலும் அதுதான் நடந்தது.

புயலுக்குப் பின் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று, சுவரில் படிந்திருந்த நீர்க்கறையின் உயரத்தை அளந்தார்கள். எங்கள் தெருமுனைத் தையற்கடைச் சுவரில் இரண்டு கறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. கீழே உள்ளது 2015க்குரியது என்றும், மேலே உள்ளது மிக்ஜாம் விட்டுச் சென்றது என்றும் கடைக்கார அண்ணன் தையல் டேப்பாலேயே அளந்து காட்டினார். சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்த நாளில்கூட, “பிள்ளைங்க படம் எடுக்கட்டும்” என்று அந்தப் பகுதியை மட்டும் விட்டுவைக்கச் சொன்ன அவருக்கு எங்கள் நன்றி. அப்படி எடுத்த அளவுகள் ஒரே வரைபடத்தில் வந்தபோதுதான், பள்ளமான தெருக்களைவிட ஒரு குறிப்பிட்ட சிறுபாலத்துக்கு நீர் வந்து சேரும் பக்கத்தில் உள்ள தெருக்களில் நீர் உயரமாக நின்றிருந்தது புலப்பட்டது.

காரணத்தை எங்களுக்கு விளக்கியவர் எங்கள் பகுதித் தூய்மைப் பணியாளர் அக்கா. வடிகால் மூடி ஒன்றைக் காலால் தட்டி, “இதுக்குக் கீழ குறுக்கால குழாய் போகுது, மேல கேபிள் போகுது, மூணடி வடிகால்ல ஒன்னரை அடிதான் தண்ணிக்கு இருக்கு. அந்த மீதியிலயும் பாலிதீன் கவர் வந்து சிக்கிக்கும்” என்றார். மூடியைத் திறந்து பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது. பல ஆண்டுகளாக அந்த வடிகாலில் இறங்கி வேலை செய்தவர்களின் அறிவை யாரும் கேட்டு எழுதி வைத்ததில்லை என்பது எங்களுக்கு வேதனையளித்தது. எங்கள் மனுவின் முதல் பக்கம் அவர் சொன்னதன் எழுத்து வடிவமே. அவருக்கும் அவருடைய சக பணியாளர்களுக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது.

நிலஅளவைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நில எல்லைகளைக் காட்டும் பழைய புலப்பட நகல்களை எடுத்துவந்து, இன்று தெருவாகத் தோன்றும் ஓரிடம் முன்பு வாய்க்காலாகப் பதிவாகியிருந்ததைப் பிள்ளைகளுக்குச் சர்வே எண் வாரியாக விளக்கினார். சட்டக் கல்லூரி மாணவி ஒருவர், அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் அட்டவணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் திடக்கழிவு மேலாண்மையும் நகராட்சி அமைப்புகளின் பணிகளாகக் குறிக்கப்பட்டிருப்பதை மனுவில் சேர்த்தார். காலநிலை என்பது உலக மாநாடுகளின் விஷயம், வார்டு அலுவலகத்துக்கு அதில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு அந்த ஒரு பத்தியே விடையாக அமைந்தது. நகலெடுத்துத் தந்த ஜெராக்ஸ் கடைக்காரரும், கூட்டங்களுக்கு இடம் கொடுத்த மகளிர் சுயஉதவிக் குழுவினரும் எங்களிடம் ஒரு ரூபாய்கூடப் பெற மறுத்துவிட்டார்கள்.

மனுவின் இரண்டாம் பகுதி வெயிலைப் பற்றியது. தகர ஷீட் கூரையின் கீழ் நாள் முழுவதும் மாலை கட்டியும் துணி தைத்தும் வாழும் பெண்கள், பிற்பகலில் வீட்டுக்குள் இருக்க முடியாமல் வாசலுக்கு வந்துவிடுவதைத் தாங்களே எழுந்து நின்று சபையில் சொன்னார்கள். கூரைகளுக்கு வெண்பூச்சு, பேருந்து நிறுத்தத்தில் நிழல், குடிநீர் ஆகியவற்றை அவர்கள் கேட்டார்கள். கூடவே குப்பையைத் தெருவிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததைச் சுவாசித்தவர்களுக்கு அதன் அவசியத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூச்சத்தை விட்டு ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிய அந்தச் சகோதரிகளுக்கு எங்கள் வணக்கமும் நன்றியும்.

எங்கள் மாமன்ற உறுப்பினர், மனுவை வாங்கி வைத்துக்கொள்வதோடு நில்லாமல், சபை முடிந்த மறுவாரமே உதவிப் பொறியாளருடன் சிறுபாலத்துக்கு வந்து பார்த்தார். மாணவர்களின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்த அந்தப் பொறியாளர், இரண்டு இடங்களில் அதைத் திருத்தியும் கொடுத்தார். இளைஞர்களின் உழைப்பை ஓர் அலுவலர் இவ்வளவு மதித்துப் பார்த்தது அவர்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு என்றே கருதுகிறோம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

கேபிள்களையும் குறுக்குக் குழாயையும் இடம் மாற்றும் வேலை பல துறைகளைச் சார்ந்தது. அது இன்னும் தொடங்கவில்லை. கூரைப் பூச்சுக்கான நிதி ஒதுக்கீடும் நிலுவையில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவ்விரண்டையும் முடித்துத் தருமாறு மாநகராட்சியைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பகுதி சபையில் பணிகளின் நிலையைத் தீர்மான வரிசைப்படி கேட்கவிருக்கிறோம். இதுவரை துணைநின்ற அனைவரும் அன்றும் குடும்பத்தோடு வந்து அமர வேண்டும் என்பது எங்கள் அன்பான வேண்டுகோள்.

நன்றியுடன்,
சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களின் குடியிருப்போரும் மாணவர்களும்
சென்னை