ஒரே கலப்பில் புழு எதிர்ப்பு வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டுத் துவரையோடு கலந்தால் காய்ப்புழுவைத் தாங்கும் துவரை கிடைக்கும் என்கிறது தங்கள் இதழில் வந்த கட்டுரை. உண்மைதான். ஆனால் அதற்கு எத்தனை தலைமுறை ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. ஆசையோடு தொடங்குகிறவர்கள் பாதியில் கைவிடுவது இதனால்தான்.

கஜானஸ் ஸ்காரபேயாய்டிஸ் என்ற காட்டுக்கொடியின் காயில் முடி அடர்ந்திருக்கும். அப்போதுதான் பொரித்த புழுவின் வாய் காய்த்தோலை எட்டாது. இரண்டுக்கும் குரோமோசோம் 22 என்பதால் சேர்க்கை கூடிவரும். கோட்டை விடுவது மொட்டில்தான். துவரைப் பூ விரியும் முன்பே மகரந்தப்பை வெடித்து, தன் மகரந்தமே சேர்ந்துவிடுகிறது. ஆகவே மஞ்சள் இதழ் லேசாகத் தலைகாட்டும் மொட்டே சரி. படகு போன்ற உள்ளிதழை இடுக்கியால் பிரித்து 10 மகரந்தப்பைகளையும் எடுத்துவிட வேண்டும். இடுக்கி நுனியில் மஞ்சள் பொடி ஒட்டினால் அந்த மொட்டைக் கிள்ளிப்போட்டு, நுனியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். காட்டுச்செடியில் அன்று பூத்த பூவின் மகரந்தத்தை உடனே துவரை மொட்டின் சூல்முடியில் (பெண்ணுறுப்பின் நுனியில்) தடவி, காம்பில் நூல் கட்டுங்கள். அதே கொத்தின் மற்ற மொட்டுகளையும் பூக்களையும் நீக்கிவிடுங்கள்.

விதையைப் பார்த்துக் கலப்பு என்று முடிவு செய்யக் கூடாது. விதைத்தோல் தாய்ச்செடியுடையது. முளைத்த செடியில் இலை சிறுத்து, தண்டு கொடிபோலத் துவண்டால்தான் கலப்பு.

அதன்பின் பின்கலப்பு, அதாவது கலப்புச் செடியைத் திரும்பத் திரும்பப் பயிர்த்துவரையோடு சேர்ப்பது. காட்டின் பங்கு சராசரியாக முதல் சுற்றில் 25 சதவீதம், அடுத்ததில் 12.5, மூன்றாவதில் 6.25 என்று இறங்கும். பொடிவிதை, வெடிக்கும் காய், கொடித்தன்மை எல்லாம் இப்படித்தான் கழிய வேண்டும். கூடவே நமக்கு வேண்டிய காய்முடியும் கழிந்துபோகும்! ஒவ்வொரு சுற்றிலும் இளங்காயை 10 மடங்கு லென்சில் பார்த்து, முடி அடர்ந்த செடியை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுங்கள். பருமனான விதைக்கு மயங்கித் தேர்ந்தால் பழைய துவரைக்கே வந்து நிற்போம்.

காட்டுச்செடியைத் தாயாக வைப்பது தனி வழி. ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற இன்னொரு காட்டுத் துவரையின் சைட்டோபிளாசத்திலிருந்து (தாய்வழியே வரும் செல்சாறு) ஆண்மலட்டு வரிசைகளை, அதாவது பயன்படும் மகரந்தம் உண்டாகாத செடிகளை உருவாக்கியது. ஐசிபிஹெச் 2671 என்ற வீரிய ஒட்டுத் துவரை வந்தது அப்படித்தான்.

காட்டு விதை சேகரிப்போருக்கு ஒன்று: காய் பழுப்பேறத் தொடங்கியதுமே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள், வெடித்துச் சிதறினால் பொறுக்க முடியாது. விதைக்கும்போது விதைத்தோலில் பிளேடால் சிறு கீறல் போட்டு ஊறவையுங்கள். கீறாத விதை நீரேறாமல் கல்லாகவே கிடக்கும்.

இப்படிக்கு,
பயறுப் பயிர்ப் பெருக்கத்தில் உள்ள வாசகர்கள்,
புதுக்கோட்டை மாவட்டம்.