கை கொடுக்கிற சமாதானம்

நெய்யூர்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மஸ்கட்டில் வெயில் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாய், நம்பிவிட்டேன், போ. இங்கே எல்லாரும் சுகம். மழையில் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது, அவ்வளவுதான்.

"போனிலேயே பூசை வருகிறதே, கோயிலுக்கு எதற்கு?" என்று உன் மகன் கேட்டானாமே. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலும் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. 2020 மார்ச் 22, கொரோனாவுக்காகச் சுய ஊரடங்கு கடைப்பிடித்த நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று பூட்டிய எங்கள் கோயில் கதவு ஏப்ரல் 12 ஈஸ்டருக்கும் திறக்கவில்லை. அப்போதுதான் போதகர் செல்போன் முன்னால் நின்று பிரசங்கிக்கப் பழகினார். அதை இப்போது நிறுத்திவிடலாம் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. எங்கள் அத்தை படுக்கையில்தான் கிடக்கிறார். ஞாயிறு காலையில் போனைத் தலையணையில் சாத்தி வைத்தால், சபையார் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் கோயிலில் இருப்பது போலவே சத்தமாகச் சொல்கிறார். அவருக்கு அது வேண்டும். காலும் கையும் சுகமாயிருக்கிறவன் கட்டஞ்சாயாவோடு சாய்ந்துகொண்டு பார்ப்பது வேறு கதை.

உன் மகனுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எங்கள் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுப்பதை நீ பார்த்திருக்கிறாயா? பீடத்திலிருந்து புறப்பட்டு, ஆள் ஆளாகக் கைமாறி, கடைசி பெஞ்சுவரை வரும். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைப்பார்; அப்புறம் இருவரும் இடது கையால் மற்றவர் கையைப் பொத்திக்கொள்வார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த வழக்கம். எங்கள் பெஞ்சில் எல்லைத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருக்கிறார்கள். முன்பெல்லாம் திருவிருந்து ஞாயிறன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது கையைக் கொடுத்துவிடுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் நின்ற இடத்திலேயே கும்பிட்டுவிடுகிறோம். அண்ணனுக்கும் தம்பிக்கும் அது நல்ல வசதியாகிவிட்டது!

திருவிருந்தில் எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கிற பொதுப் பாத்திரம் போய் ஆளுக்கொரு சின்னக் கப் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. நெய்யூரில் 1838இலேயே மருத்துவ ஊழியம் தொடங்கிய மிஷன் வழி வந்தவர்கள் நாங்கள். கிருமிக்குப் பயப்படுவது அவிசுவாசம் என்று பேசினால் எடுபடாது. (ஆனால் தடுப்பூசிதான் வேதத்தில் சொன்ன 666 என்கிற மிருகத்தின் முத்திரை என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களும் எங்களுக்குள்ளேயே இருந்தார்கள். அதை விடு.) கையைக் கழுவிவிட்டுக் கொடுக்கலாமே என்பதுதான் என் கட்சி.

2021 மே மாதத்தை நினைத்துப் பார். அடக்க ஆராதனைக்குப் போதகரும் வீட்டார் சிலரும் மட்டும், அதுவும் தூரத்தில் நின்று. கல்லறைத் தோட்டத்தில் கவச உடை போட்டுப் பெட்டியை இறக்கியவர்கள், பிரசங்கம் தொடங்கினால் வெளியே போய் நிற்கிற நம் ஊர்ப் பையன்கள். சொந்தக்காரர்களே தொடத் தயங்கிய நேரம் அது. அவர்களில் ஒருவரைக்கூட இன்றுவரை கமிட்டியில் சேர்க்கவில்லை. 'கொரோனாவுக்குப் பின் சபை' என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். பேசுபவர்கள் எல்லாம் அப்போது வீட்டுக்குள் இருந்தவர்கள். நானும்தான்.

அடுத்த கமிட்டியில் இந்த இரண்டையும் கேட்கப் போகிறேன். சமாதானம் திரும்பக் கையால் கொடுக்க வேண்டும், அந்தப் பையன்களில் இரண்டு பேரையாவது உள்ளே எடுக்க வேண்டும். முதலாவது நடக்கும் என்று தோன்றுகிறது. இரண்டாவதற்குச் சண்டை போட வேண்டியிருக்கும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இந்த முறை ஏத்தன் வாழைக்குலை ஒன்றை எடுத்தேன். விலையைக் கேட்டால் சிரிப்பாய், சொல்ல மாட்டேன்.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருகிறாய்தானே? டிசம்பர் 3 இங்கே உள்ளூர் விடுமுறை. தேர் பார்க்க வேண்டுமானால் முன்னதாகவே டிக்கெட் போடு. பேரீச்சம்பழம் கொண்டு வராதே, போன தடவை கொண்டு வந்ததே இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்