கொச்சி யூதர்களின் பண்டிகை அடுப்பு அணையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் மட்டாஞ்சேரி யூதத் தெருவைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம், அதன் தரையில் பதிக்கப்பட்ட சீன ஓடுகள், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்தில் வெட்டிக் கொடுத்த செப்பேடு ஆகியவற்றைக் கட்டுரையாளர் மிகுந்த அக்கறையோடு விவரித்திருந்தார். ஆனால், 2019இல் அத்தெருவின் மூத்த யூதப் பெண்மணி சாரா கோஹன் தமது 96ஆம் வயதில் காலமானதைக் குறிப்பிட்டு, அவரோடு கொச்சி யூதர்களின் மரபே முற்றுப்பெற்றுவிட்டது என்ற பொருளில் கட்டுரையை முடித்திருந்தது எனக்கு வருத்தமளித்தது. தெரு வெறிச்சோடிப்போனது உண்மை. அந்தத் தெருவின் சமையல் எங்கே போயிற்று என்று கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டும்.

என் கணவர் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணியில் இருந்ததால், 2014 முதல் 2017 வரை நாங்கள் இஸ்ரேலின் பீர்ஷெபா நகரில் வசித்தோம். அந்நகருக்கு அருகே நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்னும் கூட்டுறவு வேளாண் குடியிருப்பு இருக்கிறது. 1950களின் நடுப்பகுதியில் கேரளத்தை விட்டுச் சென்ற யூதர்கள் குடியமர்த்தப்பட்ட ஊர்களுள் அதுவும் ஒன்று. பாலைவன வெயிலில், வீட்டு முற்றத்தில் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லில் அடக்க முடியாது. நாகர்கோவில்காரியான எனக்கு மலையாளம் நன்றாகப் புரியும் என்பதால், அங்கே ஒரு குடும்பத்தின் மூதாட்டியோடு நெருங்கிப் பழகும் வாய்ப்புக் கிடைத்தது.

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து யூதர்கள் விடுதலை பெற்றதைக் கொண்டாடும் பஸ்கா பண்டிகைக்கு, 2016ஆம் ஆண்டில் நான்கு நாட்கள் இருந்தபோது அவர் வீட்டுக்குச் சென்றேன். 80 வயதைக் கடந்த அந்தப் பாட்டி, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் அரிசியைப் பரப்பி, விரல் நுனியால் சிறிது சிறிதாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்கா நாட்களில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்பது யூதர்களின் விதி. கோதுமை மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடங்களுக்குள் அப்பத்தைச் சுட்டு முடிக்க வேண்டும் என்னும் அளவுக்கு அந்த விதி கடுமையானது. ஆகவே, அரிசியில் கோதுமை மணி ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் அத்தனை கவனமாக இருக்கிறார்கள். ஏற்கெனவே இருமுறை பார்த்து முடித்த அரிசிதான் அது. நானும் உதவிக்கு உட்கார்ந்ததும், "மூணு வட்டம் நோக்கணும், மோளே, ரெண்டு போரா" (மூன்று முறை பார்க்க வேண்டும், மகளே, இரண்டு போதாது) என்றார். மூன்றாவது சுற்றில்தான் ஒரு கோதுமை மணி அகப்பட்டது. அதை எடுத்துச் சன்னல் திட்டில் தனியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் அமர்ந்தார்.

கொச்சியில் ஹனுக்கா என்னும் விளக்குப் பண்டிகை முடிந்த கையோடு பஸ்கா வேலைகள் தொடங்கிவிடும் என்றும், அரிசி, மிளகாய், மல்லி எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி இடித்து, வேறு எதற்கும் எடுக்காத பாத்திரங்களில் மூடி வைப்பார்கள் என்றும் அவர் சொன்னார். பேரனின் மனைவி போலந்திலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐரோப்பிய வழி யூதர்களில் பெரும்பாலோர் பஸ்காவில் அரிசியைத் தொடுவதே இல்லை. திருமணத்துக்குப் பிறகு அவர் அந்த மேசையில் பாட்டியோடு அமர்ந்து அரிசி பார்க்கப் பழகிக்கொண்டார். அவருடைய தாயாரோ, பண்டிகைக்கு வந்தால் உருளைக்கிழங்கை மட்டும் உண்டுவிட்டுப் போவாராம். அதற்காக இரு வீட்டாருக்கும் இடையே ஒருநாளும் மனக்கசப்பு வந்ததில்லை.

அந்தச் சமையலில் தேங்காய்ப் பாலுக்கு உள்ள இடத்தை நம் வாசகர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்ற வேத வாக்கின்படி, யூதர்கள் இறைச்சியையும் பால் பொருட்களையும் சேர்த்து உண்பதில்லை. கேரளக் கரையில் அவர்களுக்குக் கிடைத்த தேங்காய்ப் பால், விதியை மீறாமலே கறிக்குக் கெட்டியும் சுவையும் தந்தது. பிழைக்க வந்த இடத்துப் பொருளைக் கொண்டே தங்கள் மறையின் விதியைக் காத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஓய்வுநாளுக்குச் செய்யும் 'பாஸ்டெல்' என்ற பொரித்த பண்டம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து யூதர்கள் வைத்த பெயரைத் தாங்கியிருக்கிறது. அரிசி மாவுக்குள் இறைச்சியை வைத்து உருட்டும் 'குப்பா' பாக்தாத் பக்கத்து உணவு. இரண்டும் கொச்சியில் இஞ்சியும் மல்லியும் மஞ்சளும் சேர்ந்து வேறு மணம் பெற்றுவிட்டன. குடியேறிய புதிதில் நெகேவில் தேங்காய் கிடைக்காமல் தம் தாயார் பட்ட பாட்டைப் பாட்டி சொன்னபோது, குரல் தழுதழுத்தது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். புனித நாட்டுக்குள் பஸ்கா ஏழு நாள். வெளிநாட்டில் எட்டு நாள். மாதப் பிறப்பை அறிவிக்க எருசலேமிலிருந்து புறப்பட்ட தூதர்கள் தொலைதூரம் வந்துசேரத் தாமதமானதால், ஐயத்துக்கு இடமின்றி ஒரு நாளைக் கூட்டிக்கொண்ட பழைய வழக்கம் அது. கொச்சியில் தலைமுறை தலைமுறையாக இரண்டு இரவுகள் பஸ்கா விருந்து நடத்தியவர்களுக்கு, இஸ்ரேல் போய்ச் சேர்ந்ததும் ஓர் இரவு குறைந்துபோயிற்று. பாட்டியின் தாயார் உயிரோடு இருந்தவரை இரண்டாம் இரவும் அதே வெள்ளைத் துணியை விரித்து, பேரீச்சம்பழப் பாகும் உலர்திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சிய ரசமும் வைத்து, ஜெபம் மட்டும் சொல்லாமல் பிள்ளைகளுக்குப் பரிமாறினாராம். அவர்களுக்கு எது தாய்நாடு, எது வெளிநாடு என்று அந்த ஊரில் இருந்த மூன்று ஆண்டுகளும் நான் யோசித்ததுண்டு. இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

எனக்குள்ள கவலை ஹனுக்காவைப் பற்றியது. ஆலய விளக்கில் ஒரு நாளுக்கு மட்டுமே இருந்த எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதத்தை நினைவுகூரும் அந்த விளக்குத் திருநாளில் கொச்சி யூதர்கள் நெய்யப்பம் சுடுவார்கள். அது பெரும்பாலும் நம் கார்த்திகைத் தீபத்தை ஒட்டியே வரும். இஸ்ரேலில் அந்த நாட்களில் எந்த அடுமனைக்குப் போனாலும் பழப்பாகு அடைத்துப் பொரித்த 'சுஃப்கானியா' என்னும் மாவு உருண்டை குவிந்திருக்கிறது. பள்ளியிலும் பிள்ளைகளுக்கு அதையே கொடுக்கிறார்கள். பாட்டியின் கொள்ளுப்பேத்தி நெய்யப்பத்தை விரும்பி உண்டாள் என்றாலும், அதைப் பள்ளிக்கு எடுத்துச் செல்ல மறுத்துவிட்டாள். வெல்லப் பாகின் பதத்தைப் பாட்டி விரலால் தொட்டுச் சொல்வாரே தவிர, அதை எபிரேய மொழியில் விளக்க அவருக்குச் சொல் கிடைக்கவில்லை. பேத்திமாருக்கோ மலையாளம் தெரியாது. ஏட்டில் இருக்கும் செய்முறையைப் பார்த்து மாவை அளந்துவிடலாம். பாகுப் பதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும்.

1950களில் சிறுமிகளாகக் கப்பலிலும் விமானத்திலும் சென்ற பெண்கள் இன்று முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். இஸ்ரேலில் ஆய்வுக்காகவும் பராமரிப்புப் பணிக்காகவும் தங்கியிருக்கும் தமிழரும் மலையாளிகளும், அவர்களோடு ஒரு பண்டிகைக்கேனும் சமையலறையில் நின்று, அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நாட்டார் வழக்காற்றியல் பயிலும் மாணவர்களும் இதில் ஆர்வம் காட்ட வேண்டுகிறேன். தங்கள் நாளிதழும் யூதத் தெருவைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, நெவாத்திமுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்து கேட்டு எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பாட்டி சொன்ன பஸ்காக் கறி, பேரீச்சம்பழப் பாகு, நெய்யப்பம் ஆகியவற்றின் கைப்பக்குவத்தை ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அளவெல்லாம் 'ஒரு கை', 'அரைச் சிரட்டை' என்ற கணக்கில்தான் இருக்கும். முறையாகப் பதிவு செய்ய முன்வருவோர் தங்கள் அலுவலகத்தின் வழியாகக் கேட்டால், படியெடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்.