பன்னாட்டுப் பயிலரங்கு நடத்துவோருக்குக் காரைக்குடியிலிருந்து ஒரு மடல்

இணையவழிப் பன்னாட்டு ஆய்வுப் பயிலரங்குகளை நடத்தும் அரசியல் அறிவியல் துறையினருக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். உங்கள் அழைப்பிதழ்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வந்தபடியே இருக்கின்றன. மேலே இரண்டு மூன்று பல்கலைக்கழக முத்திரைகள், நடுவில் வெளிநாட்டுப் பேராசிரியரின் படம், கீழே ‘மின்சான்றிதழ் வழங்கப்படும்’. எங்கள் பிள்ளைகளும் சேர்கிறார்கள். மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள். கடைசியில் வரும் கூகுள் படிவத்தைக் கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போல நிரப்பிவிட்டுப் போகிறார்கள். கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் ‘நாக்’ அமைப்புக்கான கோப்பில் ஒரு பக்கம் கூடுகிறது. ஆய்வு மட்டும் எங்கும் நடக்கவில்லை.

ஐரோப்பிய அரசியல் ஆய்வுக் கூட்டமைப்பு 1973இல் ஜெர்மனியின் மான்ஹைமில் தொடங்கிய கூட்டு அமர்வுகளைப் பாருங்கள். ஓர் அறைக்குச் சுமார் இருபது பேர். வருகிறவர்கள் கட்டுரையோடு வருவார்கள், மற்றவர்களுடையதையும் முன்கூட்டியே படித்திருப்பார்கள். நாள்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அலசுவார்கள். ஜூமுக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது. நாம் ஏன் அதில் ஐந்நூறு பேரை அடைத்துச் சொற்பொழிவு நடத்துகிறோம் என்பதுதான் புரியவில்லை.

நான் கேட்பது இதுதான்: எங்களைக் கேட்பவர்களாக அழைக்காதீர்கள், எங்கள் ஊர்க் காகிதங்களை மேசையில் வைத்து எங்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய வாருங்கள்.

செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களில் கிடப்பவை வெறும் குடும்பக் கணக்குகள் அல்ல. ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்யப் போனவர்களின் பேரேடுகள், ஐந்தொகைகள், ஏஜெண்டுகளின் கடிதங்கள். 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. நிலம் இழந்த விவசாயியின் கோபம் பர்மிய தேசியத்தில் கலந்தது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, 1942இல் ஜப்பானியப் படை வந்தது, 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. கடன், குடியுரிமை, தேசியம் என்று நாம் பாடத்தில் தனித்தனி அலகாக நடத்துவதெல்லாம் ஒரே பேரேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கிறது. கடன் கொடுத்தவன் எழுதிய பாதிதான் எங்களிடம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடன் வாங்கியவனின் பாதி பர்மாவில் இருக்கிறது. ஒரு நாட்டில் மட்டும் உட்கார்ந்து இந்த ஆய்வை முடிக்க முடியாது. பன்னாட்டுக் கூட்டுறவுக்கு இதைவிட வேறு நியாயம் வேண்டுமா?

அந்தக் காகிதங்களைப் படிக்கவும் ஆள் இங்கேதான் உண்டு. தமிழ் எண்களிலும் மாகாணி, அரைக்கால் பின்னங்களிலும் எழுதிய கணக்கை எந்த மென்பொருளையும்விட வேகமாக வாசிக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் வீடுகள் இடிகின்றன. தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போகின்றன, காகிதம் எடைக்குப் போகிறது.

அதோடு, கணக்கை வெளியாருக்குக் காட்டத் தயங்கும் வீடுகள் பல. அவர்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும், மூலம் அவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிய பிறகும், அவை கடல் கடக்கவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நின்றன. அந்த முன்மாதிரி நம் பக்கத்து ஊரிலிருந்தே கிளம்பியது.

நேரத்தையும் பாருங்கள். சிகாகோவில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு எட்டரை, அங்கே குளிர்காலம் வந்துவிட்டால் ஒன்பதரை. கிராமத்திலிருந்து வரும் மாணவி கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிப்பாளா, கட்டுரை வாசிப்பாளா? கொழும்பு நம் நேரம்தான். பழைய ரங்கூனான யாங்கூன் ஒரு மணி நேரம் முன்னே, சிங்கப்பூர் இரண்டரை மணி. மேற்கத்தியப் பெயர் இருந்தால்தான் ‘பன்னாட்டு’ என்று நினைக்கும் பழக்கத்தை விட்டால், மதியம் இரண்டு மணிக்கே எல்லோரும் உட்காரலாம்.

பர்மாவில், அதாவது இன்றைய மியான்மரில், 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆசிரியர்கள் பலர் வேலையை விட்டார்கள், நாட்டை விட்டும் போனார்கள். அவர்களோடு பேச இணையம்தான் வழி. பேசியது வெளியே போனால் அவர்களுக்கு ஆபத்து. ஆகவே அமர்வுகளைப் பதிவு செய்து யூடியூபில் போடும் வழக்கம் இங்கே வேண்டாம். பதிவுப் பட்டனை அழுத்தும் முன் ஒவ்வொருவரையும் கேளுங்கள், மறுத்தால் காரணம் கேட்காதீர்கள்.

தமிழில் எழுதிய கட்டுரைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் நாங்கள் தருகிறோம். பதிவுக் கட்டணம் வேண்டாம். முதல் பயிலரங்கு பர்மா கடன் பேரேடுகள் குறித்து இருக்கட்டும், பன்னிரண்டு கட்டுரைகளுக்கு மேல் வேண்டாம். ஸ்கேன் செய்யும் செலவை உங்கள் பல்கலைக்கழகங்கள் ஏற்றால், வீடு வீடாகப் போய்ப் பேசுகிற வேலையை நானும் என் மாணவர்களும் பார்த்துக்கொள்கிறோம். பருவத் தேர்வு முடிந்ததும் தொடங்கலாம்.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி