செயலாளரின் ஆண்டறிக்கை: இந்த ஆண்டு ஏன் இதயத்தைப் பற்றியே பேசினோம்

ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி தொற்றுகளோடு வாழ்பவர்களின் சங்கமான நமது சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டம் பன்னிரண்டில் பதினொன்று நடந்தது. மழையால் ஒன்று நின்றுபோனது. செயற்குழு நான்கு முறை கூடியது. ஜூலை 28 கல்லீரல் அழற்சி தினமும் டிசம்பர் 1 எய்ட்ஸ் தினமும் வழக்கம்போல நடந்தன. புதிதாக ஒன்பது பேர் சேர்ந்தார்கள். இரண்டு பேரை இழந்தோம்.

அந்த இருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருவருக்கும் வைரஸ் கட்டுக்குள்தான் இருந்தது. ஒருவருக்கு ஆறு ஆண்டுகளாக வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாதபடி இருந்தது. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை. இருவரும் மாரடைப்பில் போனார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு நாளாக நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காட்டிய இடத்தில் வாயுத் தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், ஈசிஜி எடுக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து திரும்பி வரும்போது எடுத்த முடிவுதான் இதயப் பதிவேடு.

மார்ச் முதல் ஒவ்வொரு கூட்டத்திலும் வாசலருகே ஒரு மேசை போட்டோம். ஒரு பி.பி. கருவி, ஒரு எடை மெஷின், இடுப்பளவு எடுக்க ஒரு டேப். ஆளுக்கொரு அட்டை. அட்டையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தொலைந்து போனாலும் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கால் மேல் கால் போடக் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், பட்டை இறுகும்போது பேசக் கூடாது. இதுவரை 63 பேருக்கு அட்டை போட்டிருக்கிறோம். அதில் 19 பேருக்கு மாதாமாதம் 140/90-க்கு மேலேயே காட்டியது. அவர்களில் 11 பேருக்குத் தங்களுக்கு பி.பி. இருப்பதே தெரியாது.

"வைரஸுக்காகச் சங்கம் வைத்தோம், செயலாளர் அதை இதய ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்" என்று சிலர் சொன்னது என் காதுக்கு வந்தது. அதற்குப் பதில் சொல்ல இதுதான் இடம். எச்.ஐ.வி.யோடு வாழ்பவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மாத்திரை வைரஸை அடக்குகிறது, ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலம் பழையபடி அமைதியாவதில்லை. தொற்றின் தொடக்கத்திலேயே குடல் சுவரில் உள்ள சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் பெருமளவில் அழிந்துவிடுகின்றன. அந்தச் சுவர் வழியாகக் கிருமிகளின் துணுக்குகள் இரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கின்றன. உடம்பும் அவற்றோடு விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓயாத அழற்சி இரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குகிறது, கொழுப்பு அங்கே படிகிறது. ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கும் இதய நோய் அபாயம் கூடுதல். அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வைரஸ் இருக்கும்வரை ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் குறைவாகவே காட்டும். மருந்து சாப்பிட்டு வைரஸ் போன பிறகு அது ஏறலாம். குணமாகிவிட்டது என்று பரிசோதனையை நிறுத்தியவர்கள் தயவுசெய்து மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ஏப்ரல் கூட்டத்தில் 2023-இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வைப் பற்றி விளக்கினேன். 12 நாடுகளில் 40 முதல் 75 வயதுக்குட்பட்ட 7,769 பேர், எல்லோரும் எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவர்கள். வழக்கமான கணக்குப்படி இவர்களுக்கு இதய அபாயம் அதிகமில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதிக்கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கே பிட்டவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினைத் தினம் ஒன்று கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. மாத்திரை எடுத்தவர்களிடம் சர்க்கரை நோயும் தசைவலியும் கொஞ்சம் கூடுதலாக இருந்ததையும் அன்று மறைக்காமல் சொன்னேன். நாற்பது தாண்டிய ஒவ்வொருவரும் தங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. அன்று வந்திருந்தவர்கள் 14 பேர். உறுப்பினர்கள் எல்லோருக்கும் நான் போன் செய்திருந்தேன், வர முடியாது என்று திருப்பிச் சொன்னவர்கள்கூட மிகச் சிலர்தான்.

அந்தக் கூட்டத்தால் ஒரு தவறும் நடந்தது. பழைய மருந்துகளில் சில கொழுப்பைக் கூட்டும் என்று நான் சொன்னதை அரைகுறையாகக் கேட்ட ஒரு தம்பி, இதயத்துக்கு நல்லது என்று எண்ணி எச்.ஐ.வி. மாத்திரையையே நிறுத்திவிட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசினேன். 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது: 5,472 பேரில் ஒரு பாதி விட்டுவிட்டு மருந்து எடுத்தார்கள். அவர்களிடம்தான் சாவும் அதிகம், இதய நோயும் அதிகம். மறுநாள் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். எல்லோருக்கும் சொல்கிறேன், மருந்தை மாற்றுவது டாக்டரோடு பேசிச் செய்வது, நிறுத்துவது கூடவே கூடாது.

அப்புறம் 41-ஆம் எண் அட்டை. ஒரு அக்கா மாத்திரைப் பையை மேசையில் கொட்டினார். ரிட்டோனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த மாத்திரைப் பட்டையும் சிம்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. ஸ்டேட்டின் இரத்தத்தில் பல மடங்கு ஏறி, தசை சிதைந்து, சிறுநீரகம் வரை கெடும். "ரெண்டு வாரமா தொடையெல்லாம் வலிக்குது தம்பி, நடக்க முடியல" என்றார். கொழுப்புக்கு மருந்து எழுதிய டாக்டரிடம் தன் தொற்றைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, நம் எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான். அன்றே அவருக்கு எச்.ஐ.வி. சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தரும் டாக்டரிடம் பேசினோம், மருந்து மாற்றப்பட்டது, வலி நின்றது. வெட்கத்தால் சொல்ல முடியாவிட்டால், சாப்பிடும் மருந்துகளின் பெயரையாவது ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

புகை பிடிக்கும் உறுப்பினர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. டென்மார்க்கில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வின்படி, சிகிச்சை எடுக்கும் எச்.ஐ.வி. நோயாளி புகையால் இழக்கும் ஆயுள் 12 ஆண்டுக்கு மேல், வைரஸால் இழப்பது 5 ஆண்டு அளவு. நான்கு பேர் விட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு வாழ்த்துகள்.

வரவு செலவை விரிவாகப் பொருளாளர் வைப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், கையிருப்பு சொல்லும்படி இல்லை. சந்தா பாதிப்பேருக்கு மேல் கட்டவில்லை. முடியாதவர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் வந்து உட்கார்ந்தாலே போதும். முடிந்தும் இரண்டு மூன்று ஆண்டாகக் கட்டாதவர்கள், கூட்டத்துக்கும் வராதவர்கள் இருக்கிறார்கள். சாய்ந்து உட்கார நேரமில்லாமல் மாதாமாதம் அந்த மேசையில் நானும் இன்னும் இரண்டு பேரும்தான் இருந்தோம்.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், கேட்டபோதெல்லாம் சந்தேகம் தீர்த்த டாக்டர்களுக்கும், செவிலியர்களுக்கும், செயற்குழுவினருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் அட்டை இல்லாதவர்களுக்கு அட்டை போட வேண்டும். அழுத்தம் கூடுதலாக உள்ள 19 பேரையும் மருந்து தொடங்கியபின் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். எனக்கும் வயதாகிறது, ஒரு இளைஞர் பதிவேட்டை எடுத்துக்கொண்டால் கற்றுத்தரக் காத்திருக்கிறேன். பி.பி. கருவியின் பட்டை போன மாதத்திலிருந்து காற்றைப் பிடித்து நிற்பதில்லை. அடுத்த கூட்டத்துக்குள் புதிய பட்டை வாங்கியாக வேண்டும். பொருளாளர் இன்று முன்வரிசையில் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இவண்,
செயலாளர்