சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால், கிண்டல் பற்றி

நண்பர்களே, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நாம் இணையத்தில் ஆடும் கதை ஆட்டத்தில், போன வாரம் புயல் காட்சியில் மந்திரவாதியாக ஆடியவர், “தோப்பு மொத்தமும் படுத்துத் தூங்குது” என்று கிண்டல் அடித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேதாரண்யம் பக்கத்து நண்பர் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் அவர் வீட்டுத் தென்னையை விட்டுவைக்கவில்லை. (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

கிண்டலே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரி கேட்டு வந்த பூதத்திடம் குள்ளன், “மேட்டூர் திறக்கட்டும், தர்றேன்” என்றதற்கு இன்னும் சிரிப்பு வருகிறது. சாதி, சாவு, கடன் என்றால் மட்டும் கொஞ்சம் பார்த்து.

இதே மாதிரி ஆட்டத்தை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுபவர்களிடம் ‘எக்ஸ் கார்டு’ என்று ஓர் அட்டை உண்டு. யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் காட்சியைத் தாண்டிவிடுவார்கள். நமக்கு அதற்குப் பதிலாக, அரட்டையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டால் போதும். ‘ஏன்’ என்று தனியாகக்கூடக் கேட்காதீர்கள்.

அப்புறம், ஆட்டம் ராத்திரி 9 மணிக்கு. புயலை எடுத்துவிட்டேன்.