தம்பிக்கு, தட்டுவடைக் கடையில் சொல்லாமல் விட்டது

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை தட்டுவடைக் கடையில் நீ கேட்டதற்கு "பார்க்கலாம்டா" என்று மழுப்பிவிட்டேன். சுற்றிலும் ஆள். அதோடு நீ கேட்டது கேள்வியாகவும் இல்லை. "சரியா வரும்தானேக்கா?" என்றாய். ஆமாம் என்று சொல்லவைக்கும் கேள்வி அது. அதனால் பெயர் போடாமல் இங்கே எழுதுகிறேன். உன் நிலைமையில் வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

உன் தோழியோடு எட்டு வருஷப் பழக்கம். மனதில் இருந்ததை அவளிடம் சொல்லிவிட்டாய். மூன்று நாள் கழித்து அவள், "எனக்கு அந்த மாதிரி தோணலை. ஆனா நீ இல்லாம என்னால இருக்க முடியாது. முயற்சி பண்ணிப் பார்க்கலாம்" என்றாள். நீ கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏற்காடு போக வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாய். எனக்கு நடு வாக்கியம்தான் உறுத்துகிறது. ஒரு காலத்தில் நானும் அதையே சொன்னவள்.

உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால், கல்லூரித் தோழன் ஒருவன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் ராத்திரி வராந்தாவில் படுத்திருந்தவன். அவன் கேட்டபோது, இவனை இழந்துவிடக் கூடாது என்றுதான் சரி என்றேன். இரண்டு பேரும் ஏற்காடு போனோம். ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகள், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது பஸ்ஸில், இருபதாவது கொண்டை ஊசி வளைவில் என் கையைப் பிடித்தான். வளைவுக்கு வளைவு நம்பர் போட்டிருக்குமே, அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். 19, 18, 17. கை வியர்த்தது. முடியைச் சரிசெய்வது போல எடுத்துவிடலாமா, தும்மலாமா? 7 வந்தபோது டிக்கெட்டைத் தேடுவது போலக் கையை எடுத்தேன். டிக்கெட் அவன் சட்டைப் பையில் இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்படியும் ஒன்றரை வருஷம் ஓட்டினோம். சண்டையே கிடையாது, அதுதான் கொடுமை. முன்பெல்லாம் அவனை வாய் நிறைய 'லூசு' என்று திட்டுவேன். அதன் பிறகு கடன்காரி மாதிரி மரியாதையாக நடந்துகொண்டேன். என் பதில் தாமதமானால் 'பிஸியா?' என்று கேட்பான், அடுத்த நிமிஷமே 'பரவாயில்லை' என்று அவனே போடுவான். ஆசை குறைந்தவர் கையில்தான் உறவின் கடிவாளம் இருக்கும் என்று வில்லார்ட் வாலர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1938-லேயே சொல்லியிருக்கிறார். உண்மைதான். ஆனால் அந்தக் கடிவாளத்தை நான் கேட்கவே இல்லை.

நீ போனில் காட்டிய ஆய்வு பொய்யில்லை. கனடா ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்டது. ஏறக்குறைய 1,900 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் நண்பர்களாக இருந்து ஜோடியானவர்கள். ஆனால் அது எப்படி ஆரம்பித்தது என்ற கணக்கு. இப்படி முயன்று எத்தனை சிநேகம் உடைந்தது என்ற கணக்கு அல்ல.

முன்பின் தெரியாதவர்களே கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார்களே என்பாய். நானும் உன் மாமாவும் அப்படித்தான். ஆனால் நாங்கள் இருவரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தோம். ஒருவர் எட்டு வருஷம் முன்னால் போய் நின்றுகொண்டு மற்றவரைக் கையசைத்துக் கூப்பிடவில்லை.

நாளாக ஆக வந்துவிடும் என்றும் சொன்னாய். எஸ்டேட்டில் வளர்ந்தவன் நீ. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்துவிடும். மொட்டு கட்டாத கிளையில் எவ்வளவு பெய்தாலும் பூ வருமா? அவளிடம் மொட்டு இருக்கிறதா என்று எனக்கெப்படித் தெரியும்? உனக்கும் தெரியாது. அவளைத்தான் கேட்க வேண்டும், அதுவும் பயமில்லாமல் பதில் சொல்கிற மாதிரி. "நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் எங்கேயும் போயிட மாட்டேன். இப்ப சொல்லு" என்று கேள். ஆனால் அது நிஜமாக இருந்தால்தான் சொல்ல வேண்டும். நிஜமில்லை என்றால், "கொஞ்ச நாள் என்னால பேச முடியாது, அப்புறம் வருவேன்" என்பதைச் சொல். என் தோழன் என்னிடம் இந்த இரண்டில் எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் முயற்சி பண்ணலாம் என்றாளானால், போய் வாருங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு மூன்று பேரும் அதே கடைக்குப் போனோமே, அவள் இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவல் வைத்த செட்டைப் பிரித்து பீட்ரூட் துருவலை மட்டும் வழித்து உன் தட்டில் வைத்தாள். உன்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீயும் பேச்சை நிறுத்தாமல் சாப்பிட்டாய். எட்டு வருஷ சிநேகத்திலும் அப்படிச் செய்வார்கள், ஆசையிலும் செய்வார்கள். எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா